ஒரு மாவு மில்லின் சுருதி: 81 நிமிடப் படத்திலிருந்து 12 நிமிட மேடை இசை வரை

மாவு மில் மோட்டாரின் பக்கவாட்டில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். மேலே படிந்த மாவை விரலால் துடைத்தால்தான் எழுத்து தெரியும். 10 ஹெச்.பி., 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1440 சுற்று). அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் தகட்டை இன்னொரு முறை துடைத்துவிட்டுப் படித்தேன். ஏனென்றால் அதே எண் என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தது. சினிமா நொடிக்கு 24 பிரேம். நிமிடத்துக்கு 1440 பிரேம். பின்னணி இசைக்குத் தாளக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது. 1440ஐ ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்பதால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது கிடைத்துவிடும். 20 பிரேமுக்கு ஒரு தட்டு என்றால் 72. ஆக, இந்த மோட்டார் முழுச் சுமையோடு ஓடும்போது, படத்தின் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது.

இந்த மில்லிலேயே எடுத்த, நான் பின்னணி இசை எழுதிக்கொண்டிருந்த படத்திலேயே அதற்குச் சாட்சி இருந்தது. மோட்டார் சக்கரத்தில் யாரோ எப்போதோ போட்ட சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு. தொட்டி நிறையக் கோதுமை கிடக்கும் காட்சியில் அந்தக் கோடு ஓர் அரைவட்டத் தீற்றலாக, நின்ற இடத்திலேயே நிற்பதுபோலத் தெரிகிறது. தானியம் தீரத் தீர அது மெல்ல முன்னோக்கி நகரத் தொடங்குகிறது. அந்தக் காட்சியை நாற்பது முறையாவது பார்த்திருப்பேன். எதற்காக நகர்கிறது என்று மில்லுக்குப் போகும்வரை புரியவில்லை.

படம் ஒரு மாவு மில்லை நடத்தும் பெண்ணைப் பற்றியது. 81 நிமிடம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், நிஜ மில்லிலேயே எடுத்தார்கள். கணவன் இறந்த பிறகு கடனும் மில்லும் சேர்ந்து அவள் கைக்கு வருகின்றன. விற்றுவிட்டுப் போவதா, ஓட்டுவதா என்பதுதான் கதை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டபோது அவரிடம் இருந்த இசைப் பணம், நான்கு மணி நேர ஸ்டூடியோ வாடகைக்கும் நான்கு வாத்தியக்காரர்களின் சம்பளத்துக்கும் சரியாகப் போனது. நான்கு பேர் என்றதும் யோசிக்காமல் சொன்னேன்: இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, இன்னும் பெரிய, கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் ஒரு செல்லோ. கணினிக்குள் இருக்கும் அறுபது பேர் கொண்ட போலி வாத்தியக் குழுவைவிட, மூச்சு விடுகிற நான்கு பேர் எனக்குப் போதும் என்று இன்றும் நினைக்கிறேன். சிறிய படங்கள் பெரிய படங்களைப்போல ஒலிக்க ஆசைப்படும்போதுதான் மெலிந்து தெரிகின்றன.

இசை எங்கே நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று இயக்குநரோடு ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தோம். முதற்கட்டத் தொகுப்பான ரஃப் கட்டில் அவர் வேறு படங்களிலிருந்து எடுத்த இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைத்திருந்தார். அதை மொத்தமாக எடுத்துவிட்டு ஒருமுறை பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். இயக்குநர்கள் பலரும் இதற்குத் தயங்குவார்கள். மாதக்கணக்கில் அந்த இசையோடு பார்த்துப் பழகியிருப்பார்கள். இவர் சம்மதித்தார். வெறும் ஒலியோடு ஓடவிட்டபோது அறை முழுக்க நிறைந்தது மோட்டாரின் ரீங்காரம். படத்தில் பாதிக்கு மேல் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. மில்லுக்குள் பேசுகிறவர்கள் அதற்கு மேல் கத்தித்தான் பேசுகிறார்கள். அந்த இரைச்சல்மீது வயலினை ஏற்றினால் பேச்சும் போகும், வயலினும் போகும், மில்லும் போகும். அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தோம்: மோட்டார் ஓடும்போது இசை கிடையாது. மோட்டார் நின்ற பிறகுதான் இசை.

இந்த ஒரு முடிவால் இசை நுழையும் இடங்கள் பதினெட்டிலிருந்து ஒன்பதாகக் குறைந்தன. மொத்தம் 23 நிமிடம். வழக்கம்போல ஒவ்வொன்றுக்கும் ரீல் எண், 'எம்', வரிசை எண் என்று பெயர் கொடுத்தேன்: 1எம்1, 1எம்2, 2எம்1. ரீல்கள் டப்பாவில் வருவது நின்று வெகுகாலமாகிவிட்டது. இருந்தாலும் இந்தப் பெயரிடும் முறை இன்னும் மாறவில்லை. மாறாமல் இருப்பதும் நல்லது. நள்ளிரவில் மிக்ஸிங் ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தால், '2எம்1 இரண்டு பிரேம் தள்ளியிருக்கிறது' என்று சொன்னால் போதும்.

முக்கியமான இடம் அந்த 2எம்1தான். இரவு. மில் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மின்சாரம் போகிறது. இருட்டு. அவள் தீக்குச்சியைத் தேடி உரசும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. மின்சாரம் போனதும் ரீங்காரம் அந்த நொடியே அறுந்துவிடுகிறது. கல்லும் பெல்ட்டும் மட்டும் இன்னும் சிறிது நேரம் சுற்றி ஓய்கின்றன. ரீங்காரம் விட்ட இடத்தில் செல்லோ அதே சுரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். மோட்டார் நின்றது காதுக்குத் தெரியக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, 'இது மோட்டார் இல்லையே' என்று தோன்ற வேண்டும். அவள் மனத்துக்குள் மில் நிற்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதனால் முதல் வேலையாக ரீங்காரத்தின் சுருதியைக் கணினியில் அளந்தேன். 104 ஹெர்ட்ஸ் காட்டியது. மேற்கத்திய இசையின் பெயரில் சொன்னால், ஏறக்குறைய ஏ பிளாட் என்ற சுரம். அதையே ஆதார ஷட்ஜமாக (ஸ) வைத்து, ரேவதி ராகத்தின் ஐந்து சுரங்களில் இரண்டு வாரம் எழுதினேன். ஐந்து துண்டுகள் முடிந்தன. காகிதத்தில் அழகாக இருந்தன. வயோலா வாசிக்கும் தோழியிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது மனம் கொஞ்சம் சுணங்கியது. சரியாகத்தான் வாசித்தார். ஆனால் ஒலி வாத்தியத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தது. வயோலாவின் நான்கு தந்திகள் சி, ஜி, டி, ஏ. ஏ பிளாட்டை ஷட்ஜமாக வைத்த ரேவதியில் அவற்றில் ஒன்றுதான் வருகிறது, அதுவும் ரிஷபமாக (ரி). மற்ற மூன்றும் அதிர வழியில்லாமல் சும்மா கிடக்கின்றன. மோட்டாரின் சுருதி அது, நான் என்ன செய்ய முடியும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகுதான் மில்லுக்குப் போனேன். படத்தின் ஒலியில் எனக்குத் தேவையான ஓரிரு இடங்கள் தெளிவாக இல்லை. மோட்டாரைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு வரலாம் என்பதுதான் திட்டம். காலை ஆறு மணிக்கே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தூக்குவாளிகள், எவர்சில்வர் டப்பாக்கள், பழைய பால்மாவு டின்கள் வரிசையாக நின்றன. வத்தல் அரைக்கும் முறை கடைசியில்தான்; அதற்கு முன் கோதுமை, கேழ்வரகு, பச்சரிசி. காரம் தட்டாமல் இருக்க அந்த வரிசை. மில்லை நடத்துகிற அம்மாவுக்கு எழுபது வயது இருக்கலாம். வாசல் படியில் மில்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இருந்தாற்போல் இருந்து திரும்பிப் பார்க்காமலே, "தொட்டி காலியாகப் போகிறது, அடுத்த டப்பாவைக் கொட்டு" என்று உள்ளே இருந்த பையனிடம் குரல் கொடுத்தார்.

"எப்படி அம்மா தெரிகிறது?" என்று கேட்டேன்.

"முனகலைக் கேள் தாயி. வயிறு நிறைந்திருந்தால் வேகமாக முனகும். காலியானால் நிதானமாகிவிடும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரே சீராக இருந்த ரீங்காரத்தின்மேல் ஓர் ஏற்ற இறக்கம் இருந்தது. வுவ், வுவ், வுவ். பையன் டப்பாவைக் கவிழ்த்ததும் அது நெருங்கி ஓடியது. தானியம் தீரத் தீர இடைவெளி விட்டது. பள்ளிக்கூடத்து இயற்பியல் பாடத்தில் இதற்கு விம்மல் என்று பெயர்; ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலித்தால், அவற்றின் வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை ஒலி நொடிக்கு விம்மித் தணியும். அந்த அம்மா சொன்ன முனகல் அதுதான். மோட்டாருக்குள் மின்சாரம் சுழற்றும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டே ஓடும்; எட்டிப் பிடிக்கவே பிடிக்காது, பிடித்துவிட்டால் இழுக்கும் விசையே இல்லாமல் போய்விடும். சுமை இல்லாதபோது 1490 அளவில் ஓடும். கோதுமை விழுந்ததும் பின்தங்கி 1440க்கு வரும். இந்தப் பின்தங்கல்தான் ரீங்காரத்தின்மேல் விம்மலாக ஏறுகிறது. நான்கு துருவ மோட்டார் என்பதால் பின்தங்கும் சுற்றை நான்கால் பெருக்க வேண்டும். கணக்குப் போட்டால், காலியாக ஓடும்போது ஒன்றரை நொடிக்கு ஒரு விம்மல். தொட்டி நிறைந்தால் நொடிக்கு நான்கு. பழைய மோட்டார் என்பதால் நன்றாகவே கேட்டது. படத்தில் சுண்ணாம்புக் கோடு நகர்ந்த காரணமும் அதே பின்தங்கல்தான்.

இந்த மகிழ்ச்சியில் சுருதியை மறந்தே போனேன். பதிவு முடிந்து பெட்டியைக் கட்டும்போதுதான் சும்மா கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்தேன். ஜி என்று காட்டியது. ஜியைவிட 35 சென்ட் கூடுதல். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் சென்ட். ஆக, ஜிக்கும் ஏ பிளாட்டுக்கும் நடுவில், ஜி பக்கமாக. என் மேஜையில் இதே மோட்டார் ஏ பிளாட் அல்லவா காட்டியது!

மோட்டாரின் வேகம் மாறலாம். ரீங்காரம் மாறாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் காந்தம் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை இழுப்பதால் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். கொஞ்சம் முன்னே பின்னே ஆடினாலும் 104க்குப் போகவே போகாது. 100ஐ 104.17 ஆக்க வேண்டுமென்றால் 25ஆல் பெருக்கி 24ஆல் வகுக்க வேண்டும். அங்கேயே, மாவு மூட்டைமேல் உட்கார்ந்தபடி, விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு வந்த கோப்பு நொடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை 25 பிரேமில் ஓடும்படி வெளியேற்றிய கோப்பு. நம் ஊர்த் தொலைக்காட்சிக் கணக்கு 25. சினிமாக் கணக்கு 24. எங்கோ ஒரு அமைப்பு மாற்றாமல் விடுபட்டிருக்கிறது. படமும் ஒலியும் சேர்ந்தே வேகமாக ஓடியதால் உதட்டசைவில் தவறு தெரியவில்லை. நீளத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்: 81 நிமிடப் படம் என் கணினியில் 77 நிமிடம் 46 நொடியாக இருந்தது. இயக்குநர் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார், மூன்று நிமிடம் குறைத்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிற இளம் இசையமைப்பாளர்கள் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். கோப்பு வந்ததும் முதலில் குழல் விளக்கின் ரீங்காரமோ மின்விசிறியின் ரீங்காரமோ கேட்கும் ஓர் இடத்தைப் பிடித்து அளந்து பாருங்கள். 100 வர வேண்டும். வரவில்லையென்றால் ஒரு சுரம்கூட எழுதாதீர்கள்.

சரியான கோப்பு மறுநாள் வந்தது. ஐந்து துண்டுகளின் நீளமும் தவறு, சுருதியும் தவறு. 2எம்1இல் மின்சாரம் போனதிலிருந்து தீக்குச்சி எரியும்வரை என்னிடம் 30 நொடி சொச்சம் இருந்தது. உண்மையில் 31 நொடி 12 பிரேம். ஒன்றேகால் நொடி வித்தியாசம். இருட்டில் ஒன்றேகால் நொடி என்பது ஒரு யுகம். மொத்தம் 756 பிரேம். 20 பிரேமுக்கு ஒரு தட்டு வைத்தால் 37 தட்டும் மிச்சமும் வருகிறது; மிச்சம் எனக்கு உதவாது. 21 பிரேமுக்கு ஒரு தட்டு வைத்தால் சரியாக 36 தட்டு. நான்கு தட்டாக ஒன்பது ஆவர்த்தனம். பத்தாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் தீக்குச்சி எரிகிறது. அப்படிச் சரியாக விழும் எண் கிடைக்கும் நாளில் மகிழ்ச்சியில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

சுருதியை ஏ பிளாட்டிலிருந்து ஜிக்கு இறக்கினேன். இறக்கியதும் நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஜி ஷட்ஜம் என்றால் ரேவதியின் மத்யமம் சி, பஞ்சமம் டி. மூன்றும் வயோலாவிலும் செல்லோவிலும் திறந்த தந்திகள், அதாவது விரல் வைக்காமலே அந்தச் சுரத்தில் ஒலிப்பவை. வயலினுக்கும் ஜியும் டியும் உண்டு. தோழியின் வயோலா அன்றைக்கு வாய் திறந்து பாடியது. ஒரு சுரத்தை வாசித்துவிட்டு வில்லை எடுத்தால், மற்றத் தந்திகள் தாமாக அதிர்ந்து அந்த ஒலியை ஏந்திக்கொண்டன. ஏ தந்தி மட்டும் ராகத்தில் சேராது. அதைத் தொடாமல் விரல்வழியை மாற்றி எழுத வேண்டியிருந்தது. இரண்டு வாரம் ஷட்ஜமாக உட்கார்ந்திருந்த ஏ பிளாட் இப்போது ரிஷபமாகிவிட்டது. அந்த ரிஷபத்தில் வில்லை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வாரமும் நினைவுக்கு வரும்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. செல்லோவின் திறந்த ஜி 98 ஹெர்ட்ஸ். மோட்டார் 100. ரீங்காரம் அறும் இடத்தில் செல்லோ தொடர்ந்தால் சுருதி லேசாக இறங்குவது காதில் விழும். பதிவு செய்த பிறகு கணினியில் 35 சென்ட் ஏற்றிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. 2எம்1 செல்லோவுக்கு மட்டுமேயான துண்டு. வாத்தியத்தையே ஏற்றிக் கட்டலாமா என்று செல்லோ வாசிப்பவரிடம் கேட்டேன். வழக்கமாக ஏ தந்தியை 440க்குக் கட்டுவார்கள். இதற்கு 449 வேண்டும். தந்தியின் இழுவிசை நூற்றுக்கு நான்கு பங்கு கூடும். அவர் தந்திகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாங்கும். ஆனால் கட்டிய பிறகு அரைமணி நேரம் விட்டுவிடுங்கள், அதுவரை இறங்கிக்கொண்டே இருக்கும்" என்றார். நான்கு மணி நேர வாடகையில் அரைமணி நேரத்தை அதற்காக ஒதுக்கினோம். அந்த நேரத்தில் மற்ற மூவருக்கும் ரேவதியின் ரிஷபத்தைப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன். மேற்கத்திய இசைக்குறிப்பு முறையான ஸ்டாஃப் நோட்டேஷனில் அந்தச் சுரத்தை ஏ பிளாட் என்று எழுதிவிடலாம். அது ஷட்ஜத்தின் பக்கம் சாய்ந்து லேசாக அசைந்துவிட்டு நிற்பதை எழுத முடியாது. அம்புக்குறி போட்டுப் பார்த்திருக்கிறேன், சின்னச் சின்ன சுரங்களாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் எழுதிய அத்தனையையும் வாசிப்பார்கள், அசைவு மட்டும் வராது. வெறும் சுரத்தை எழுதிவிட்டு நேரில் பாடுவதே மேல்.

பதிவு தொடங்கியது. தாளத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் டிராக்கைச் செல்லோக்காரரின் ஒரு காதில் மட்டும் கொடுத்தோம். மறு காதில் மோட்டார். மூன்றாவது டேக்கில் மோட்டார் அறுந்த இடத்தில் செல்லோ அதே சுரத்தைப் பிடித்து நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த இயக்குநர் தன் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்பது துண்டுகளும் மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் முடிந்தன.

படத்தின் கதை இதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

சென்னையில், சில வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் ஒரு சிறிய அறையிசை (சேம்பர் மியூசிக்) நிகழ்ச்சிக்குப் புதிய படைப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். நால்வர் வாசிக்க, 12 நிமிடம். படத்து இசையைத் தரலாம் என்று நினைத்தேன். சிறந்த ஐந்து துண்டுகளைத் தேர்ந்து, இணைப்புகள் எழுதி, ஒரு வாரத்தில் கோத்துவிட்டேன். முதல் ஒத்திகையில் வாசித்து முடித்ததும் நால்வரும் பேசாமல் இருந்தார்கள். பிறகு முதல் வயலின் வாசித்தவர் மரியாதையாகச் சொன்னார்: "ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியவில்லை."

அவர் சொன்னது அப்படியே உண்மை. 2எம்1இன் 36 தட்டுகளில் செல்லோ ஒரே சுரத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் அது பொறுக்க முடியாத காத்திருப்பு, ஏனென்றால் திரை இருண்டு கிடக்கிறது, அவள் இருட்டில் கையால் துழாவுகிறாள். மேடையில் விளக்கு எரிகிறது. ஒரு மனிதர் ஒரே சுரத்தை வாசிக்கிறார். தீக்குச்சி எரியும் இடத்துக்காக நான் எழுதிய திருப்பம், தீக்குச்சி இல்லாமல் காரணமற்ற திருப்பமாக நிற்கிறது. ஒவ்வொரு துண்டும் காட்சி முடிந்ததால் முடிந்தது; இசை முடிந்ததால் முடியவில்லை. இதையெல்லாம்விடப் பெரிய குறை, மோட்டார் இல்லை. ஒன்பது துண்டுகளும் அந்த ரீங்காரத்துக்குப் பிறகு வந்தவை. அதன் நிழலில்தான் அவை இசையாக இருந்தன.

அப்படியானால் மோட்டாரையே மேடைக்குக் கொண்டுவந்தால் என்ன? இதற்கு முன்மாதிரி உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ், 1948இல் வெளிவந்த தென்துருவப் பயணப் படம் ஒன்றுக்கு இசையமைத்தார். அந்த இசையிலிருந்து தன் ஏழாவது சிம்பொனியை வளர்த்தெடுத்தார். 1953 ஜனவரியில் மான்செஸ்டரில் அது முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அந்த சிம்பொனியில் வாத்தியக் குழுவோடு காற்று இயந்திரம் ஒன்றும் உண்டு. சட்டங்கள் வைத்த உருளை துணியில் உரசிச் சுழல, காற்றின் ஊளை எழும். நானும் மில்லில் பதிவு செய்த ஒலியை ஒரு ஒலிபெருக்கியில் போட்டு, நால்வரையும் அதனோடு வாசிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். காற்று இயந்திரத்தை ஒரு மனிதர் கையால் சுற்றுகிறார். வில்லோடு சேர்ந்து அதுவும் தணியும், பொங்கும். ஒலிபெருக்கி யாரையும் கேட்காது. எல்லோர் கண்ணும் அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது.

விடை மில்லம்மா சொன்னதிலேயே இருந்தது. எனக்கு வேண்டியது மோட்டார் இல்லை, முனகல். இரண்டு நெருங்கிய அதிர்வெண்கள் போதும், விம்மல் வந்துவிடும். செல்லோக்காரர் வீடு பெரம்பூரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன். திறந்த ஜி தந்தி 98. அதற்குப் பக்கத்தில் இருக்கும் சி தந்தியில் ஏழாவது அரைச்சுரத்தில் விரலை வைத்தால் அதே ஜி வரும். இரண்டையும் ஒரே வில்லில் சேர்த்து இழுக்கச் சொன்னேன். சேர்ந்து ஒலித்தபோது ஒரே தந்தி தடித்ததுபோல இருந்தது. "இப்போது விரலைக் கொஞ்சம் கீழே உருட்டுங்கள்." மயிரிழை அளவு உருட்டினார். அறைக்குள் மோட்டார் ஓடத் தொடங்கியது. வுவ்... வுவ்... அடுக்களையிலிருந்து அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார்.

அந்தக் காலை முழுவதும் அந்த விரலோடு போயிற்று. 17, 18 சென்ட் இறக்கினால் நொடிக்கு ஒரு விம்மல். 72 சென்ட் இறக்கினால் நான்கு. யாரும் சென்ட் கணக்கில் விரல் வைக்க முடியாது. ஆனால் விம்மலை எண்ணுவது எளிது. அதனால் சுரத்துக்கு மேலே 1, 2, 4 என்று எண்ணை மட்டும் எழுதினேன். விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைக்கும் அதிர்வலங்காரம் (வைப்ரேட்டோ) சுத்தமாகக் கூடாது. விரல் துளி நடுங்கினாலும் விம்மல் கலைந்துவிடுகிறது. வில் இரண்டு தந்திமேலும் ஒரே எடையில் நிற்க வேண்டும். தடித்த சி தந்தி எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் பேசுகிறது, அதற்கு வில்லை நிதானமாக இழுக்க வேண்டியிருந்தது. மதியத்துக்குள் அவர் நான்கு விம்மலில் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். நொடிக்கு நான்கு என்றால், நிமிடத்துக்கு 60 தட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு. மற்ற மூவரும் அந்த விம்மலையே தாளமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் விரல் இறங்கினால் எல்லோரும் விரைவார்கள், ஏறினால் எல்லோரும் நிதானிப்பார்கள். நால்வரின் காலப்பிரமாணமும் ஒருவருடைய ஒரு விரலில்.

அதன்பிறகு எழுத்து ஓடியது. ஐந்து துண்டுகளில் நான்கைத் தூக்கிப் போட்டேன். மீதி ஒன்றிலிருந்து ஒரு சுரக்கோவையை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஸ ரி ஸ, கீழ் நி, ஸ. காலித் தொட்டியில் அது தனித்தனி சுரங்களாக வருகிறது. தானியம் விழ விழ வயலின்கள் அதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகின்றன. மூன்று வாரத்தில் 12 நிமிடம் நிறைந்தது. படத்தில் எந்த இடத்தில் வந்தது என்று தெரியாதவர்களுக்கும் அது போகிற இடம் தெரிந்தது. முதல் வயலின்காரர் இரண்டாம் ஒத்திகையில் எதுவும் சொல்லாமல், "இன்னொரு முறை வாசிக்கலாம்" என்றார்.

நிகழ்ச்சி மே மாதத்தில். அரங்கத்தில் ஒத்திகைக்காக மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். முதல் பக்கத்தில் 0 என்று எழுதியிருந்தேன்; இரண்டு தந்தியும் ஒன்றாகச் சேர்ந்து, விம்மலே இல்லாமல் தொடங்க வேண்டும். செல்லோக்காரர் வில்லை வைத்தார். வுவ், வுவ், வுவ். விரலைச் சரிசெய்தார். போகவில்லை. விரலை எடுத்துவிட்டுத் திறந்த தந்தியை மட்டும் இழுத்தார். அப்போதும் நொடிக்கு இரண்டு விம்மல்.

ஒரு தந்தி தனியாக விம்மாது. நான் மேடையிலிருந்து இறங்கி அரங்கத்துக்குள் நடந்தேன். பின்சுவரை நெருங்கியபோது பிடிபட்டது. குளிர்சாதன இயந்திரம். அரங்கம் முழுக்க மெல்லிய 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நிறைந்திருந்தது. 100இல் 98 போக இரண்டு. மில் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லலாம். மே மாதத்தில், கதவடைத்த அரங்கத்தில், நிறைந்த கூட்டத்தை வைத்துக்கொண்டு அது நியாயமில்லை. நால்வரையும் 449க்கு ஏற்றிக் கட்டச் சொன்னேன். அடுத்து வாசிக்க வேண்டிய படைப்புக்கு மறுபடி இறக்க வேண்டும், தந்திகள் நிலைக்காது என்று முதல் வயலின்காரர் மறுத்தார். அவர் சொன்னதும் சரிதான். ஐந்து மணிக்கு மேடை விளிம்பில் உட்கார்ந்து பென்சிலால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திருத்தினேன். முதல் பக்கத்தில் திறந்த தந்தியை அடித்துவிட்டேன். சி தந்தியில் விரல் மட்டும். விரலை மேலே உருட்டி, அரங்கத்தின் ரீங்காரத்தோடு விம்மல் மறையும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு திறந்த ஜி சேரும். அங்கிருந்து தொடக்கம், 0க்குப் பதிலாக 2. கடைசிப் பக்கத்தில் இதே தலைகீழாக.

ஏழு மணிக்குச் செல்லோக்காரர் தொடங்கினார். கேட்கவே முடியாத அளவு மென்மையாக வில்லை வைத்து, விரலால் துழாவி, அரை நிமிடத்தில் 100ஐப் பிடித்தார். பிடித்த நொடியில் செல்லோ காணாமல் போயிற்று. சுவர் கொஞ்சம் உரக்க ஒலித்தது, அவ்வளவுதான். பிறகு திறந்த தந்தி சேர, விம்மல் எழ, மற்ற மூவரும் வில்லைத் தூக்கினார்கள்.

கடைசியில் வயலின்கள் விட்டன, வயோலா விட்டது, திறந்த தந்தி விட்டது. விரல் வைத்த ஜி மட்டும் மெலிந்துகொண்டே போனது. வில் தந்தியை விட்டு எழுந்ததைப் பக்கத்திலிருந்த நான் கண்ணால் பார்த்தேன். காதுக்கு எந்த மாற்றமும் இல்லை. அரங்கத்தில் அதே சுரம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் கைதட்டவில்லை, யாருக்கும் முடிந்தது தெரியவில்லை. செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்தார். பிறகும் சில நொடிகள் ஆயின.